திடலுக்குள் வந்த லாரி

ஐந்தாவதோடு நின்றவன் நான். கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஏலக்காய்ச் சாக்கின் வாசம் பட்டதும் கோபம் வந்துவிட்டது. எழுபதுகளில், மலை ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கியவர்கள் ஞாயிறு சாயங்காலம் போடிச் சந்தைத் திடலில் அந்தச் சாக்குகளை விரித்து உட்கார்ந்து, முறைவைத்து, கேட்க நின்ற ஊருக்கெல்லாம் சும்மாவே பாடுவார்கள்.

அந்தத் தோட்டத்தில் காயெடுக்கும் என் அம்மா முதன்முதலாகப் பாட எழுந்த அன்று, ஒரு வியாபாரி லாரியை உள்ளே விட்டார்.

"பாட்டையெல்லாம் மலையில வச்சுக்க ஆத்தா. லோடு எறக்கணும், வெரசா நகரு."

"மலையில தெனமுந்தான் பாடுறேன். அங்க கேக்குறது மரந்தானே அண்ணே?"

அவர் சிரித்தார். அம்மா சாக்கை மடித்தாள். அடுத்த ஞாயிறு திடல் முழுக்க லாரிகள். அதன்பின் அங்கே யாரும் பாடவில்லை.

அவர்மீது கோபம் ஆறவில்லை. அதைவிட, அன்று அந்த லாரியின் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று குஷியாகக் கைகாட்டிய என்மீது.

தை ஐந்து, ஞாயிற்றுக்கிழமை.