மருதாம்பாள் பேரில் எழுதிய வீடு

அய்யாவு குடிப்பதில்லை. குடித்துவிட்டு அடிக்கிறான் என்றால் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவன் தெளிந்த தலையோடு, கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாதபடி அடித்தான். அதனால் பந்தலூருக்கு அப்பால் இருந்த அந்தத் தனியார் எஸ்டேட்டில் மருதாம்பாள் அடிபடுவது ஐந்து வருஷம் யாருடைய பேச்சிலும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அன்னக்கிளிக்கு மட்டும் தெரியும். அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

மருதாம்பாள் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்து மூன்றில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, புருஷனோடும் கைக்குழந்தை உஷாவோடும் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில வாரம் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அய்யாவு தேயிலை பாக்டரியில் மெஷின் பார்த்தவன். நாலு பேர் மதித்த ஆள். இங்கே அவன் கையில் கொடுத்தது மண்வெட்டியும் கவாத்துக் கத்தியும்தான். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தான். பிறகு எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுக் கூடலூரில் ஒரு மர டிப்போவில் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தான். வெளியில் போன மரியாதையை வீட்டுக்குள் தேடினான். ஏன் இவ்வளவு நேரம், யாரோடு சிரித்தாய், மேஸ்திரி ஏன் உன் நிரைக்கு இரண்டு தடவை வந்தான் என்று கேட்பான். அவள் எந்தப் பதிலைச் சொன்னாலும் முடிவு ஒன்றாகவே இருந்தது.

தேயிலை நிரைக்குள் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓடும். புதிதாக வந்த பெண்களை மேஸ்திரி அவள் பக்கத்தில் நிறுத்திப் பழக்குவார்.

எழுபத்தெட்டு ஆடி மழையில் ஒருநாள் அய்யாவு அவளுடைய வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். இரண்டு விரல் முறிந்தது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டே எப்படி ஆயிற்று என்று கேட்டார். படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த வருஷத்தில் அது அவளுடைய மூன்றாவது வழுக்கல்.

மூன்று வாரம் கழித்துக் கட்டோடு வேலைக்கு வந்தாள். இடது கையால் மட்டும் கொழுந்து கிள்ளினாள். குன்னூர்ப் பக்கமிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த மேனேஜர் ஹரிதாஸ், தேயிலை மலைக்குள் நடந்துவந்தவர், அவளுடைய கூடையைப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் விசாரித்தார். மேஸ்திரி படியைச் சொன்னார். ஹரிதாஸ் டிஸ்பென்சரி நோட்டைக் கொண்டுவரச் சொல்லி ஆபீசில் உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினார். படியில் விழுந்தவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் பெண்கள். ஆண்கள் யாரும் அந்தப் படிகளில் வழுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மருதாம்பாள் ஆபீஸ் வாசற்படியிலேயே நின்றாள்.

“உன் லைனுக்கு நான் போய்ப் பார்த்தேன். அங்கே படி கிடையாது, ஒரு கல்லுதான் கிடக்கு,” என்றார் ஹரிதாஸ்.

அவள் கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“போலீசுக்கு எழுதணுமா?”

“வேணாங்க தொரை. போலீசு ஒரு நாளைக்கு வரும். மத்த நாளு நான்தான் இருக்கோணும்.”

“பின்னே என்ன செய்யணும்?”

இந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் பதில் அவளிடம் ரொம்ப நாளாகவே இருந்தது. அடிவாங்கிய ஒவ்வொரு தடவையும் அய்யாவு முடிவாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: என் வீடு, வெளியே போடி. போக இடம் இல்லாததால் அவள் போகவில்லை.

“நாங்க குடியிருக்குற காம்பராவ என் பேருல எழுதிக் குடுங்க தொரை. வந்தப்ப குடும்பத் தலைவருன்னு அவரு பேருல எழுதிட்டாங்க. அவரு இங்கன வேலைய வுட்டு மூணு வருசமாச்சு. தோட்டத்து ஆளு நான்தானுங்களே.”

ஹரிதாஸ் ஹெட் கிளார்க் இராஜமாணிக்கத்தைப் பார்த்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரரான இராஜமாணிக்கம் இருபது வருஷம் அதே நாற்காலியில் இருந்தவர். “ஆகாதுங்க சார். புருசன் பொண்டாட்டி சமாச்சாரத்துல கம்பெனி கைய வெச்சா நாளைக்கு லைனு பூராவும் இங்க வந்து நிக்குமுங்க,” என்றார்.

“வேலை செய்கிற ஆளுக்குத்தானே கம்பெனி வீடு? செய்யாத ஆள் பேரில் இருப்பதுதான் தப்பு. மாற்றி எழுதுங்க,” என்றார் ஹரிதாஸ். பிறகு மருதாம்பாளிடம், “இரக்கப்பட்டுச் செய்யறேன்னு நினைக்காதே. உன் கை இந்த எஸ்டேட்டுக்கு வேணும்,” என்றார்.

அதை அவள் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் கை முறியக்கூடாது என்பதற்கு யாரோ ஒரு காரணம் சொல்லி அன்றுதான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இராஜமாணிக்கமே வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு லைனுக்கு வந்தார். விருப்பமில்லாத வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர் அவர். முகம் கழுவிக்கொண்டிருந்த அய்யாவுவிடம், “இந்த ஊடு இன்னியிலிருந்து உங்க சம்சாரத்து பேருலீங்க. அவுங்க இருங்கன்னா நீங்க இருக்கலாம். வேண்டாம்னா கௌம்பிர வேண்டியதுதானுங்க,” என்று ஆபீஸ் கடிதத்தில் இருந்ததைச் சொன்னார்.

அய்யாவு சிரித்தான். அக்கம்பக்கத்துக் கதவுகளில் ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “என்ன சொல்லுற?” என்று மருதாம்பாளைக் கேட்டான்.

அவள் உஷாவின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட விரல்களால் பின்னல் சரியாக விழவில்லை. “போயிருங்க,” என்றாள்.

அவன் போனான். போகிற வழியில் தொழிற்சங்கத் தலைவர் வீட்டில் புகார் சொல்லிவிட்டுத்தான் போனான். அந்த வாரம் சங்கக் கூட்டத்தில், ஆண்பிள்ளையை வெளியே தள்ளும் கம்பெனி நாளைக்கு எல்லாரையும் தள்ளும் என்று பேசினார்கள். அந்தப் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இலங்கையில் ஒரு தரம் தள்ளப்பட்டு வந்தவர்கள் அவர்கள். கடிதம் என்றாலே மூட்டை கட்டச் சொல்கிறார்களோ என்றுதான் பார்ப்பார்கள். குழாயடியில் பெண்கள் மருதாம்பாளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அன்னக்கிளிதான் உரக்கச் சொன்னாள்: “புருசன வெளிய முடுக்கிட்டு வீட்ட எடுத்துக்கிட்டவ.”

மருதாம்பாளுக்கு அது விரல் வலியைவிட அதிகமாக வலித்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டவள் அல்லவா அவள்? குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாலு மாசம் கழித்து, கார்த்திகையில் ஒரு விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற நேரத்தில் அன்னக்கிளி அவள் வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. இடுப்பில் குழந்தை.

“அக்கா, ஆபீசுல யாருகிட்ட சொல்லோணும்?”

மருதாம்பாள் அவளை உள்ளே கூப்பிட்டு, பால் விடாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குழாயடிப் பேச்சை எடுக்கவில்லை. “மொதல்ல டிஸ்பென்சரி. வழுக்கி விழுந்தேன்னு மட்டும் சொல்லாத,” என்றாள். இருவருமாகப் போனார்கள். கம்பவுண்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, கணவன் அடித்ததால் ஏற்பட்ட காயம் என்று எழுதினார். அந்த நோட்டில் அப்படி ஒரு வரி எழுதப்பட்டது அதுவே முதல் தடவை.

அன்னக்கிளியின் புருஷன் எஸ்டேட் ஆள். அவனை வெளியேற்ற ஹரிதாஸால் முடியவில்லை, சங்கமும் விடவில்லை. ஒரு வாரம் இழுபறி நடந்தது. கடைசியில் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இருவரும் வேலை செய்தால் வீடு இருவர் பேரிலும் இருக்கும். அடித்ததாக டிஸ்பென்சரி நோட்டில் ஏறினால், அடித்தவர் ஒரு மாசம் தனி ஆட்கள் தங்கும் லைனுக்குப் போகவேண்டும். சங்கத் தலைவரும் அதில் கையெழுத்துப் போட்டார். அவருடைய மகளுக்கு அந்தத் தையில் அதே எஸ்டேட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அடி நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. குறைந்தது. சிலர் நோட்டில் ஏறாத விதமாக அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். சில பெண்கள் கடைசிவரை வழுக்கியே விழுந்தார்கள். ஆனால் மூன்று நான்கு வீடுகளில், கையை ஓங்கியவன் சுவரின் அந்தப் பக்கத்தை நினைத்து நிறுத்திக்கொண்டான்.

ஹரிதாஸ் எந்தக் கைக்காக இதைத் தொடங்கினாரோ அந்தக் கை தேறவே இல்லை. மோதிர விரல் வளைந்தே நின்றுபோனது. மருதாம்பாள் பழையபடி கொழுந்து எடுக்கவில்லை, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவானாள். வீடு எழுதிக் கொடுத்த காரணம் போய்விட்டதே, திருப்பிக் கேட்பார்களோ என்று ஒரு வருஷம் பயந்துகொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. ஹரிதாஸ் மாற்றலாகிப் போனபிறகு வந்த மேனேஜர் நோட்டீசைப் படித்தாரோ என்னவோ, கிழிக்கவும் இல்லை.

எண்பதில் ஒரு மழைநாள் மத்தியானம் அய்யாவு வந்தான். முடி நரைத்திருந்தது. வாசலில் நின்று, “புள்ளையப் பாக்க வந்தேன்,” என்றான். வாசல் கல்லில் ஏறவில்லை.

மருதாம்பாள் ஸ்டூலை எடுத்து வெளியே போட்டாள். உஷா ஸ்கூல் நோட்டைக் காட்டினாள். சோறு போட்டதும் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு, “டிப்போவுல படுக்கை. குளிரு தாங்கல,” என்றான்.

அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். அவனிடம் அவளுக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பயம் இன்னும் இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

“ஞாயித்துக்கெழமை வாங்க. புள்ளையப் பாருங்க, சாப்புடுங்க. தங்குறது வேணாம்.”

அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு பல வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். சில சமயம் உஷாவுக்குப் பென்சில் வாங்கி வருவான், சில சமயம் வெறுங்கையோடு வருவான். நாலு மணி கூடலூர் பஸ்ஸுக்கு அவள் சொல்லாமலே எழுந்துவிடுவான்.