பீங்கான் கழுவும் லோவ்ரே

எங்கள் தீவில் போரா காற்று மூன்று நாள் அடித்து ஓய்ந்தால், நாலாம் நாள் காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளையாக இருக்கும். அத்தனையும் உப்பு. அலையைப் பிய்த்துப் பொடியாக்கி மலை உச்சிவரை கொண்டுபோய்ப் பூசிவிட்டுப் போகும் அந்தக் காற்று. ஒலிவ இலை, ஆட்டுக் கொம்பு, கோயில் மணி எதையும் விடாது. அன்றைக்குப் பெண்களுக்கு ஜன்னல் துடைக்கிற வேலை. லோவ்ரேவுக்குப் பீங்கான் கழுவுகிற வேலை.

லோவ்ரே உப்பளத்து மேஸ்திரியின் கடைசி மகன். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், நாலு பேர் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும் கூச்சம். இருபத்திரண்டு வயதில் மின்சாரக்காரர்களிடம் வேலைக்குச் சேர்ந்தான். அவன் அப்பாவுக்கு அதில் பெரிய வருத்தம். பரம்பரையாக உப்பைச் சேர்த்த குடும்பத்தில் உப்பைக் கழுவிக் கொட்டுகிற ஒருவன் பிறந்தானே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வேடிக்கைதான். பாதி உண்மையும் கூட.

அக்கரையிலிருந்து ஜலசந்தியைத் தாண்டி எங்களுக்கு வருவது ஒரே ஒரு மின்தடம். இரும்புக் கோபுரங்கள் மேலே கம்பியைச் சுமந்து நிற்கும். கம்பி இரும்பைத் தொடக்கூடாது என்பதற்காக, இரண்டுக்கும் நடுவில் பீங்கான் தட்டுகளைக் கோர்த்து, கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தத் தட்டுகளில் உப்பு படிந்தால் என்ன கெட்டுப்போகும் என்று ஒருநாள் என் அடுப்படியில் உட்கார்ந்தவனிடம் கேட்டேன். என்னைத் தேதா என்று அத்தை முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"காஞ்சு கிடக்கிற வரைக்கும் உப்பு சாது, தேதா. நனைஞ்சாத்தான் சனியன்."

பெருமழை வந்தால் கவலையில்லையாம், அதுவே கழுவிவிடும். போராவுக்குப் பிறகு மழையே இல்லாமல், தென்காற்று மூடுபனியைத் தள்ளிக்கொண்டு வந்தால்தான் ஆபத்து. உப்பு அந்த ஈரத்தைக் குடித்துக் கசியும். கசிந்த உப்புத் தண்ணீரின் மேலேயே மின்சாரம் நடக்க ஆரம்பிக்கும். முதலில் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரு பொரிச்சல். பிறகு தட்டுக்குத் தட்டு நீலப்பொறி. கடைசியில் ஒரே தாவலாகக் கம்பியிலிருந்து கோபுரத்துக்குப் பாய்ந்து, தீவு முழுவதும் விளக்கு போய்விடும். இது தெரியாமல் நாங்கள் போரா அடிக்கும்போது பயந்துவிட்டு, அது நின்று வானம் நீலமாகச் சிரித்ததும் துணி காயப்போடப் போவோம். லோவ்ரே ஒருவன்தான் அந்த நீல வானத்தைப் பார்த்து முகம் சுளிப்பான்.

இருங்கள், பெரினாவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அக்கரையில் மலைக்கு அப்பாலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். பூட்டிக் கிடந்த பாற்கட்டிப் பட்டறையை, நான் சொல்லவந்தது நடந்த குளிர்காலத்தில்தான் அவள் எடுத்துத் திறந்திருந்தாள். கடலையே பார்க்காமல் வளர்ந்தவளுக்கு எங்கள் ஆட்டுப்பாலைப் பற்றி என்ன தெரியும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இருந்தாலும் வேறு வழியில்லாமல் எல்லோரும் அவளிடமே கேனைக் கொண்டுபோய் ஊற்றினோம். இரண்டு நாள் பாலைக் குளிர்தொட்டியில் சேர்த்துவைத்து, மூன்றாம் நாள் காய்ச்சிக் கட்டியாக்குவாள். ஜெனரேட்டர் வாங்க இன்னும் கை எட்டவில்லை. ஒரு தடவை அந்தத் தொட்டிப் பால் கெட்டால், மறுநாள் ஒருவரும் அவள் வாசலுக்குக் கேனைத் தூக்க மாட்டார்கள். நானும் தூக்கியிருக்க மாட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்.

அந்த மார்ச் மாதம் போரா நாலு நாள் விடாமல் அடித்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நின்றது. வியாழன் விடியற்காலை தென்காற்றும் மூடுபனியும் என்று ரேடியோ சொன்னது. நடுவில் இருந்தது புதன்கிழமை ஒன்றுதான். லோவ்ரே ஜலசந்தி ஓரத்துக் கோபுரத்தின் காலை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்து, இவ்வளவு உப்பு பத்து வருஷத்தில் இல்லை என்றான். கூட இருந்த இன்ஜினியர் ஸ்வோன்கோ பஞ்சால் ஒரு தட்டைத் துடைத்து, சுத்தத் தண்ணீரில் அலசி, உப்பு அளக்கிற தன் மீட்டரை அதில் முக்கினார். அதுவும் அதையே சொன்னது.

கழுவுகிற லாரி எங்கள் தீவில்தான் நிற்கிறது. அதற்கு ஊற்றுகிற சுத்தப்படுத்திய தண்ணீர் அக்கரையிலிருந்து கப்பலில் வர வேண்டும். போரா அடித்த அடியில் கப்பல் துறைப் பாலம் வளைந்துபோய்க் கிடந்தது. வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம் என்றார்கள் அக்கரையில். வெள்ளிக்கிழமைவரை மூடுபனி உங்கள் கப்பலுக்காகக் கடலில் நிற்குமா என்று ஸ்வோன்கோ போனில் கத்தினார். வெள்ளிக்கிழமைதான் என்று போனை வைத்துவிட்டார்கள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துணியால் துடைக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். துடைக்கலாம், தேதா, மூன்று நாள் ஆகும், மூன்று நாளும் பெரினாவின் பால் வெயிலில்தான் என்றான் லோவ்ரே. பெரினாவின் பெயரைச் சொல்லும்போது தரையைப் பார்த்தான். கம்பியில் மின்சாரம் ஓடும்போதே தூர நின்று தண்ணீரைப் பீய்ச்சினால் ஒரே பகலில் முடியும். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு துளியும் கூடாது. உப்பு இருந்தால், பீய்ச்சுகிற தாரை வழியாகவே மின்சாரம் இறங்கிவந்து பிடித்திருப்பவனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடும்.

அப்புறம் இருப்பது வீட்டு மழைநீர்த் தொட்டிகள்தான். மழைத் தண்ணீரை விடச் சுத்தமானது எது? எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தரைக்கடியில் ஒரு தொட்டி உண்டு. தன் தொட்டித் தண்ணீர்தான் ஊரிலேயே இனிப்பு என்று சொல்லாத பெண்ணும் கிடையாது. எல்லோரும் என் வீட்டுக்கு வாருங்கள் என்று வாசலில் வந்து நின்றார்கள். ஐநூறுக்குக் கீழே காட்டினால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்வோன்கோ மீட்டரோடு கிளம்பினார். பின்னால் ஊரே கிளம்பியது.

கோயில் தொட்டி ஆயிரத்து நூறு காட்டியது. பாதிரியார் தாடியைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊர்த்தலைவர் மனைவி கார்மேலா, படிகக் குவளையில் தண்ணீரை மொண்டு தட்டில் வைத்துக் கொடுத்தாள். தொள்ளாயிரம். குவளையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்றாள். வேறு குவளையிலும் தொள்ளாயிரம்தான்.

அடுத்தது என் வீடு. அறுநூற்று இருபது. நான் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். அறுநூற்று இருபத்துநாலு. மூன்றாவது தடவையும் பார்க்கச் சொன்னேன்.

"நீங்க மிரட்டினா அது இறங்காதுங்க, தேதா," என்றார் ஸ்வோன்கோ.

அந்தப் பெட்டிக்கு ஏதோ கோளாறு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் காரணம் எனக்குத் தெரியாததல்ல. போரா அடித்த பிறகு கூரை ஓட்டில் உப்பு கிடக்கும். அதனால் கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்குகிற குழாயின் முழங்கை வளைவை வெளிப்பக்கம் திருப்பிவைத்து, முதல் மழையை மண்ணில் விட வேண்டும். இரண்டாவது மழையில்தான் குழாயைத் தொட்டிப்பக்கம் திருப்ப வேண்டும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்கிறோம் என்றுதான் சொல்வோம். மழை கொட்டும்போது அந்தத் தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வராது. கொஞ்சம் முன்னாலேயே திருப்பிவிடுவோம். ஊர் முழுக்க அப்படித்தான் என்று அந்தப் பெட்டி வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு வீடு பார்த்தாகிவிட்டது. மதியம் ஆகிவிட்டது.

ஊர் எல்லையில் பெரினா வீடு மட்டும் மிச்சம். அங்கே போக வேண்டியதில்லை என்றாள் கார்மேலா. மலைக்காரிக்குத் தொட்டி வைத்துக்கொள்ளவே தெரியாது, மழைக்காலம் பூராவும் குழாயை வெளியே திருப்பித் தண்ணீரைத் தரையில் கொட்டுகிறாள், பாதித் தொட்டிகூட நிறைவதில்லை என்றாள். அது உண்மைதான். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். எந்த மழையில் திருப்ப வேண்டும் என்று பெரினாவுக்குச் சந்தேகம், அதனால் மூன்றாவது மழைவரைக்கும் குழாயை உள்ளே விட மாட்டாள்.

பெரினா ரப்பர் பூட்ஸோடு பட்டறையிலிருந்து வந்து தொட்டி மூடியைத் தூக்கினாள். ஸ்வோன்கோ மீட்டரை முக்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நூற்று நாற்பது.

"எனக்குத் தெரியும்," என்றான் லோவ்ரே. சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"உனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் ஸ்வோன்கோ.

அவன் காது இரண்டும் சிவந்துபோயின. கார்மேலா விட்டுவிடுவாளா?

"மூணு வருஷமா ஐயாவுக்கு எந்தக் கோபுரத்தப் பாக்கப் போனாலும் இந்த வாசல்லதானே தாகம் எடுக்குது."

"அப்ப காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா. அரைநாள் போச்சு," என்றார் ஸ்வோன்கோ.

"சொன்னா சிரிப்பீங்கன்னு," என்றான்.

சிரிக்கத்தான் செய்தோம். பெரினா மட்டும் சிரிக்கவில்லை. லாரியின் உறிஞ்சுகுழாயை எங்கே விட வேண்டும் என்று கேட்டாள்.

லாரித் தொட்டி நிறைந்ததும் ஜலசந்தியிலிருந்து ஆரம்பித்தார்கள். உப்பு அதிகம் பிடித்த பதினேழு கோபுரங்கள். லோவ்ரே லாரியின் ஏற்றுமேடையில் நின்று, கீழ்த் தட்டிலிருந்து மேலே மேலே போய்க் கழுவினான். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் கீழே உள்ள உப்பை நனைத்து வம்பை இழுத்துவிடுமாம். ஒவ்வொரு வரிசையும் முடியும்போது பீங்கான் புதுச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி பளபளத்தது. ஊரில் பாதிப்பேர் ரொட்டியும் உப்புக்கண்டமும் எடுத்துக்கொண்டு வந்து கல் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். பேசக்கூடக் கூச்சப்படுகிறவன் அங்கே மேலே தாரையை ஒரு விரல்கூட விலகவிடாமல் பிடித்து நின்றான்.

பன்னிரண்டாவது கோபுரத்தில் தண்ணீர் தீர்ந்தது. லாரி திரும்பி வந்தபோது பெரினாவின் தொட்டியில் முழங்கால் அளவுதான் மிச்சம். அதையும் எடுத்தால் கோடை முழுவதும் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஸ்வோன்கோ தயங்கினார். மிச்ச ஐந்தும் ஒருவேளை தாங்கும் என்றார். லோவ்ரே தலையை ஆட்டினான், தாங்காது என்று.

"அடி தெரியற வரைக்கும் உறிஞ்சுங்க," என்றாள் பெரினா. "தொட்டியத் தேய்ச்சுக் கழுவ எனக்கும் ஒரு சாக்கு வேணும்."

ஐந்து மணிக்குப் பதினேழாவதும் முடிந்தது.

மறுநாள் நான் பால் கேனோடு போனபோது விடிந்திருந்தது, ஆனால் எதிரே வருகிறவன் முகம் தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. சுவர்கூட வியர்த்திருந்தது. ஊர் எல்லைக் கோபுரத்தின் கீழே நின்று மேலே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான் லோவ்ரே. நானும் நின்று கேட்டேன். தூரத்தில், நேற்றுக் கழுவாத உள்பக்கக் கோபுரங்களில், லேசாகப் பொரிகிற சத்தம். எங்கள் தலைக்கு மேலே ஒன்றுமில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

பட்டறைக்குள் பெரினா குளிர்தொட்டியின் மேலே கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்த மாதிரி. ஆறரை மணிக்கு விளக்கு ஒருதடவை மங்கியது. தொட்டியின் மோட்டார் முனகியது. அங்கே கேன் வைத்திருந்த ஏழெட்டுப் பேரும் விளக்கை அண்ணாந்து பார்த்தோம். விளக்கு திரும்ப வந்தது. மோட்டாரும் பழையபடி ஓடியது. எட்டு மணிக்கு வெயில் வந்து பனியைக் கிழித்தபோது பால் மூன்றரை டிகிரியில் இருந்தது. கார்மேலா தன் கேனை முதல் ஆளாகத் தூக்கி ஊற்றினாள், ஒன்றும் பேசாமல். அவள் பேசாமல் ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லோரும் போன பிறகு லோவ்ரே உள்ளே வந்தான். நான் கேனைக் கழுவுகிற சாக்கில் நின்றுகொண்டேன். போ என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். பால் நல்லாருக்கா என்று கேட்டான். நல்லாருக்கு என்றாள். 

"மூணு வருஷமா என் வாசலுக்கு வந்தியே," என்றாள் பெரினா. "தண்ணிக்காகத்தானா?"

பொய் சொல்லத் தெரியாதவனுக்கு அது கஷ்டமான கேள்வி. தொப்பியைக் கையில் எடுத்துச் சுழற்றினான்.

"முதல் வருஷம் தண்ணிக்காக," என்றான்.

பெரினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த நீளப் பிரஷை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"மழைத்தொட்டி காலியா இருக்கு. ரேடியோல நாளைக்கு மழைன்னு சொல்றான். இறங்கித் தேய்ச்சுக் குடு. ஆனா, குழாய நான்தான் திருப்புவேன்."