செல்வி அழித்த கதைகள்

எனக்கு ஊர் வெள்ளிமலை. சிங்கப்பூரில் பல வருடம் கட்டட வேலை பார்த்தேன். எழுத்தாளனாக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. ஆனால் நெருக்கியடித்துத் தங்கிய அறையில் உட்கார்ந்து எழுத ஏது இடம்? வேலைக்குப் போகும் லாரியிலேயே, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கதையைப் போனில் பேசிப் பதிவுசெய்து மனைவி செல்விக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அவளிடம் இருந்தால் பத்திரம் என்று நினைப்பு.

ஒருநாள் என் போன் கான்கிரீட் கலவைக்குள் விழுந்து போனது. நான் பதறவில்லை. கதைகள்தான் ஊரில் இருக்கின்றனவே!

லீவில் வந்ததும் அவள் போனைக் கேட்டேன்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டனுங்க” என்றாள்.

“இன்னாடி சொல்ற?”

“நம்ம வூட்டாண்ட டவர் கெடைக்காது. நீங்க பேசி அனுப்பியிருப்பீங்கன்னு, செய்யற வேலைய வுட்டுட்டு மேட்டுக்கு ஓடுவன். நீங்க யார் யார் கதையோ சொல்லிக்கினு இருப்பீங்க. நான் எப்படி இருக்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? ஆத்திரத்துல அழிச்சிட்டன்.”

அத்தனை வருடமும் நான் மட்டும்தான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஞாபகத்தில் இருந்தவரை கதைகளைத் திரும்ப எழுதினேன். அதில் ஒன்றுதான் முதலில் அச்சானது. இன்று சென்னையில் தனி அறை, தொடர்கள் எழுதித்தான் பிழைப்பு. எழுதியதை நானே இரண்டு இடத்தில் சேமித்துக்கொள்கிறேன். ஊரில் இருக்கும் செல்விக்கு இப்போதும் தினமும் பேசி அனுப்புகிறேன். சாப்பிட்டாயா, அங்கே குளிர் ஜாஸ்தியா என்று கேட்பதோடு சரி. கதை எதுவும் இருக்காது.

அந்தப் பதிவுகளில் ஒன்றைக்கூட அவள் அழிக்கவில்லை.