பரிசத்துக்கு முன் ஒரு சொல்

எழுபதுகளில் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி ஜீப்புக்கு நான் டிரைவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் கூடுகிற இடத்தில் நிற்கவே கூச்சப்படுவேன். மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவை, பேச்சு வராதவர்களின் வீடுகளுக்கு மாதம் ஒருமுறை கூட்டிப்போவதுதான் வேலை. திக்குகிற பிள்ளைகள், வாதம் வந்து பேச்சுப் போனவர்கள் என்று ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். அந்த அம்மாவைப் பேச்சு டாக்டரம்மா என்பார்கள்.

திருக்கோஷ்டியூரைத் தாண்டி, கண்மாய்க்கரைப் பாதையில் ஒரு விவசாயி வீடு. வாதத்தில் அவருக்கு வலது கை முடங்கியிருந்தது. நாம் சொல்வது புரியும். அவருக்கு வார்த்தை வராது. சொந்தப் பெயரிலிருந்து தொடங்குவது டாக்டரம்மாவின் முறை. அதைத் தினமும் சொல்லிக் காட்டும்படி அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

மறு மாதம் போனால் ஒரு மாற்றமும் இல்லை.

“தினமும் சொன்னீங்களாம்மா?”

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “புருசன் பேர நான் எப்படிங்க சொல்லுவேன்?”

கட்டிலில் இருந்த அந்த அம்மாளின் அண்ணன் சிரித்தார். “ரேசன் கடையிலயே சொல்ல மாட்டா. பேரு சொல்றதுக்குன்னே என்னையக் கூட்டிட்டுப் போவா.”

“நீ சும்மா இருண்ணே. பேரு எதுக்குங்க, ஊருக்கே தெரியும். தை மாசம் மகளுக்குப் பரிசம் போட்டு நிச்சயம் பண்றோம். ‘குடுத்தேன்’னு இவுக வாயால சொல்லி வெத்தலைத் தட்டைக் குடுக்கணும். இல்லாட்டி கொழுந்தன் குடுத்துருவாரு. பெத்தவுக உக்காந்திருக்கையில இன்னொருத்தர் குடுக்குறதான்னு இவுகளுக்குச் சோறு எறங்கல.”

விவசாயி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வார்த்தையை நீங்க சொல்லுவீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“அத எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன்.”

அன்றே ஆரம்பித்தார்கள். எதையாவது நீட்டிக்கொண்டே அவர் ‘குடுத்தேன்’ சொல்ல வேண்டும். வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஜீப்பில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். செம்பை நீட்டினார், விசிறியை நீட்டினார். வந்தது வெறும் மூச்சு. அவருக்கு வேர்த்தது, எதிரே உட்கார்ந்திருந்த எனக்கும்.

அடுத்த மாதம் ‘கு’ வந்திருந்தது. மார்கழியில் ‘குத்தேன்’. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எதையாவது நீட்டிக்கொண்டிருந்தார்.

“இப்படியே போனா வீட்டையே காலி பண்ணிருவீக மாப்ளே. அந்த உழவு மாட்டையும் இங்குட்டு ஓட்டிவிடுங்க” என்றார் மைத்துனர். அது மட்டும் முடியாது என்று இடது கையை ஆட்டினார் அவர்.

பரிசத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். நான் வாசலோரம் நின்றேன். சம்பந்திக்கு எதிரே, முடங்கிய வலது கை விரல்களையும் விளிம்பில் மடக்கி வைத்து, வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. சபையில் யாரோ கனைத்தார்கள். பின்னால் இருந்த அவருடைய தம்பி, தானே கொடுத்துவிட முன்னால் நகர்ந்து வந்தார். கதவோரம் நின்ற மனைவி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“குத்தேன்.”

வாசல்வரை கேட்டது.

“எடுத்துக்கிட்டோம்” என்று சம்பந்தி தட்டை வாங்கப் போனார். தட்டு வரவில்லை. முடங்கிய கை விரல்கள் அதை இறுக்கிக்கொண்டிருந்தன. மைத்துனர் குனிந்து ஒவ்வொரு விரலாக விடுவித்தார்.

“விடுங்க மாப்ளே. அதான் குடுத்துட்டீகளே.”