கலியபெருமாளின் புதுக் கட்டைவிரல்

செஞ்சிக் கோட்டைக்குப் போகிற வழியில் கரும்புச் சாறு விற்கும் கலியபெருமாளுக்கு ரோஷம் ஜாஸ்தி. போன வருடம் கரும்போடு சேர்த்து வலது கட்டைவிரலையும் மிஷினுக்குக் கொடுத்துவிட்டு நின்றபோதுகூட, "இன்னா வேடிக்கை? போங்கய்யா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். பக்கத்தில் இளநீர் விற்கும் நான்தான் ஆட்டோ பிடித்தேன்.

சென்னையில் ஒரு டாக்டரம்மா அவருடைய இடது காலின் இரண்டாவது விரலை எடுத்து, கட்டைவிரல் இருந்த இடத்தில் வைத்துத் தைத்தார். ரத்தம் ஓடியது, நகமும் வளர்ந்தது, தொட்டால் தெரியும் உணர்ச்சி மட்டும் வரவில்லை. "இந்தக் கையாலயே எல்லா வேலையும் செய்யணும். சும்மா வச்சிருந்தா வெறச்சிப் போயிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

மனுஷர் கேட்டால்தானே? தெரியாமல் யார்மேலாவது கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர். இப்போது கையிலேயே கால், அதுவும் இடது கால்! சோற்றுக்கு ஸ்பூன், மற்ற நேரமெல்லாம் கையைச் சுற்றித் துண்டு. இடது கையால் டம்ளரை நீட்டி, "பீச்சாங்கையால குடுக்கிறியே" என்று ஒரு பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

"கால் மேல கால் போட்டு உக்காருன்னா, கை மேல காலப் போட்டுக்கினியே அண்ணா" என்று நான் சீண்டுவேன். சிரிக்க மாட்டார். விரல் நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு மாதம் இப்படியே விட்டால் வைத்தும் வீண் என்று டாக்டரம்மா திட்டியனுப்பினார்.

போன திங்கட்கிழமை அவர் மகள் எழில் பையோடு வண்டிக்கு வந்தாள். பாண்டிச்சேரியில் முதல் வேலை. அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்து, திருநீற்றுக்கு நெற்றியைக் காட்டினாள். அவர் துண்டு சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அது காலும்மா. நெத்தில கால வெக்கச் சொல்றியா?"

"இப்ப நான் எதைத் தொட்டுக் கும்பிட்டேன் நைனா? அந்தக் கால்தான இதுவும்? பூசு, பஸ்சு போயிடும்."

துண்டை அவிழ்த்தார். விறைத்த விரலில் நிற்காமல், பாதித் திருநீறு அவள் மூக்கில் கொட்டியது. எடுத்த விரலை மறுபடி நெற்றியில் வைத்தார்.

"சுடுதும்மா."

"எனக்கு ஜுரம்லாம் இல்ல நைனா."

"இல்லம்மா. உன் நெத்தி சூடு எனக்குத் தெரியுது."

பஸ் போன பிறகு கண்ணைத் துடைக்க அவர் துண்டைத் தேடவில்லை, அந்த விரலாலேயே துடைத்துக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா ரத்தினம்மா வேடிக்கை?" என்று கத்தி, வலது கையால் சாறு டம்ளரை நீட்டினார்.