ராத்திரி வேனுக்கு ஆள் சேர்ப்பவர்

"மல்லி இன்னைக்கு என்ன வெல, வே?" என்று கேட்டுக்கொண்டே பூ மார்க்கெட்டுக்குள் நுழைகிறார் மருதப்பன். விலையைச் சொன்னதும் முகம் சுண்டிப்போகிறது. அவர் ஒரு முழம் பூ வாங்கப்போவதில்லை. விற்பதற்கும் அவரிடம் பூ கிடையாது. ஆனாலும் சங்கரன்கோவிலில் மல்லி விலை ஏறினால் முதலில் கவலைப்படுகிற ஆள் அவர்தான்.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு நூல் மில்லின் நைட் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிப்போவது மருதப்பனின் வேன். ஓட்டுவதும் அவரே, வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பதும் அவரே. மில் அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தருகிறது. காலி சீட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்? பூ விலை ஏறினால் தோட்டக்காரர்கள் பறிகூலியை ஏற்றிவிடுகிறார்கள். விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டியவர்கள் விடிய விடிய மில்லில் நிற்க முடியாது. முகூர்த்த மாதங்களில் ஊரெல்லாம் கல்யாணச் சாப்பாடு சாப்பிடும்போது இவருக்கு மட்டும் சோறு இறங்குவதில்லை.

மழையும் அவருக்கு ஆகாது. இளையரசனேந்தல் பக்கம் நல்ல மழை என்றால் அடுத்த பத்து நாளில் உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் களையெடுக்க ஆள் கேட்டு ஆட்டோ வந்துவிடும். வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளம் பெருகினால் நடவுக்கு ஆள் போய்விடும். பகல் வேலைக்குக் கூலி கூடினால் ராத்திரி கண்விழிக்க யாருக்கு மனசு வரும்? "மழை பெய்யக் கூடாதுன்னு நான் சொல்லல அண்ணாச்சி. கொஞ்சம் நிதானமாப் பெஞ்சா என்னங்கேன்" என்று என்னிடம் நியாயம் கேட்டார். அவர் மனைவி இசக்கித்தாய்க்குப் பிறந்த வீட்டுச் சீதனமாக மானாவாரி நிலம் இருக்கிறது. அந்த அம்மாள் மழைக்கு வேண்டிக்கொள்கிறார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு போனால் கோமதி அம்மன்தான் என்ன செய்வாள்.

சாயங்காலம் ஆனால் தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார். யாருக்கு நிஜமான தலைவலி, யாருக்கு நைட் ஷிப்ட் தலைவலி என்பது வாசலில் நிற்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் நானும் கூடப் போனேன். ராஜகுமாரி என்ற பெண் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து இருமிக் காட்டினாள். "இருமல் நல்லாத்தான் இருக்கு. இந்த மாசம் பேட்டா ஏத்திருக்கான், அதைக் கேட்டுட்டு இருமு" என்றார். அவள் சிரித்துவிட்டாள். போர்வை உள்ளே போயிற்று, டிபன் டப்பா வெளியே வந்தது.

ஆனால் இந்த வித்தையெல்லாம் போன மாதம் பலிக்கவில்லை. வேன் பாதி காலியாகவே போய்வந்தது. மில் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இந்த மாதமும் இப்படி என்றால் வெளி மாநில ஆட்களைக் கொண்டுவந்து மில்லுக்குள்ளேயே தங்கவைத்துக்கொள்வார்கள், அப்புறம் வேன் தேவைப்படாது. அன்றிலிருந்து மருதப்பன் வெற்றிலை போடுவதைக்கூட மறந்துவிடுகிறார். வேன் போனால் இந்த ஊரில் வேறென்ன செய்வேன் என்று கேட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாரிசெல்வி ஒரு செய்தியோடு வந்தாள். வேனின் தூண் அவள். அவள் ஏறினால்தான் அவள் தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் ஏறுவார்கள். தேரடிப் பக்கம் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்குப் பெண்கள் கேட்கிறார்களாம். பகல் வேலை.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காகன்னு டீச்சர் கேட்டதுக்கு, எம் பிள்ள 'அம்மா தூங்கும்'னு சொல்லிருக்கா அண்ணாச்சி. எம் பேரைச் சொல்லல. தூங்கும்னு மட்டும் சொல்லிருக்கா" என்றாள். "கடைக்குப் போனா ராத்திரி பிள்ளகூடப் படுத்துக்கிடலாம். ஆனா அவுக சொல்லுத சம்பளம் நம்ம நைட் சம்பளத்துக்குக் கிட்டயே வரல. அதான் யோசிக்கேன்."

அவளை மில் வாசலில் இறக்கிவிட்டதும் மருதப்பன் பின்னால் திரும்பி வேனின் சீட்டுகளை எண்ணிப்பார்த்தார்.

மறுநாள் காலை ராஜபாளையம் ரோட்டு டீக்கடையில் இருந்தோம். அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கர் போடாமல் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது, கடையே கேட்டது. பேசியவர் அந்த ஜவுளிக்கடை மேனேஜர் செல்வக்குமார்.

"அண்ணாச்சி, மாரிசெல்வின்னு ஒரு பிள்ள உங்க பேரச் சொல்லிருக்கு. ஆளு எப்படி?"

ஒரு வார்த்தை போதும். 'அடிக்கடி லீவு போடும்' என்று சொன்னால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது, ஐந்து சீட்டும் நிலைத்தது. மருதப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தங்கமான பிள்ள. லீவே போடாது" என்றார். "நீங்க என்ன குடுக்கிய?"

மேனேஜர் ஒரு தொகை சொன்னார்.

"அது பத்தாதே. இப்ப மில்லுல ராத்திரி பேட்டாவோட சேத்து அந்தப் பிள்ள அதைவிடக் கூட வாங்குது. நாள் முழுக்க நிக்கணும்லா உங்க கடையில."

"புதுசா வாற ஆளுக்கு அவ்வளவுதான் அண்ணாச்சி."

"அப்பச் சரி. தென்காசியில ஒரு கடையில கேக்காவ, பஸ்ஸுக்கும் சேத்துத் தாராகளாம். அங்கன போகச் சொல்லிருதேன்."

தென்காசியில் எவரும் கேட்கவில்லை. அவர் பொய் சொன்னதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேனேஜர் கொஞ்சம் இருமினார், யோசித்தார், தொகையை ஏற்றினார்.

போனை வைத்த கையோடு மாரிசெல்விக்கு அடித்தார். ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவள், தூக்கக் குரலில் "அண்ணாச்சி" என்றாள்.

"ஏட்டி, கடைக்காரன் போன் பண்ணுவான். ஒரு தொகை சொல்லுவான். ஒடனே சரின்னு சொல்லீராத. பேசாம இரு. இன்னுங் கொஞ்சம் ஏத்துவான்."

"உங்க வேனு அண்ணாச்சி?" என்றாள்.

"அது கெடக்கு. நீ தூங்கு."

டீக்குக் காசைக் கொடுத்தார். எதிரே, கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸுக்காக இரண்டு பெண்கள் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள், யாரென்று அவருக்கும் தெரியாது. மருதப்பன் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ரோட்டைத் தாண்டி, சிரித்தபடியே அவர்கள் முன்னால் போய்க் கைகளைக் கூப்பினார்.