காசிக்குக் கிளம்பிய சைக்கிள்

மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவருடைய சைக்கிளைத்தான் பார்த்தேன். என்னைப் பெண் பார்க்க அவருடைய அப்பாவும் அம்மாவும் டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். அவர் மட்டும் புத்தூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை சைக்கிளில் வந்து, வாசலில் நிறுத்தி, பேண்ட் காலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் உள்ளே ஜன்னல் ஓரமாக நின்று வண்டியை எடை போட்டுக்கொண்டிருந்தேன். செயினில் அளவாக எண்ணெய். ஸ்போக்ஸ் கம்பிகளில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. பின் சக்கரத்து டைனமோகூடத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஒரு சைக்கிளை இவ்வளவு ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் ஒரு மனுஷியையும் ஒழுங்காக வைத்துக்கொள்வார் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். சொஜ்ஜி பஜ்ஜியெல்லாம் அதற்கப்புறம்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாண வயதில் இருக்கும் ஒரு ஸ்ரீரங்கத்துப் பெண் தினமும் காவிரிப் பாலத்தைச் சைக்கிளில் தாண்டித் திருச்சிக்கு ஆபீஸ் போவதைப் பற்றித் தெருவில் பேசாமல் இருப்பார்களா? பேசினார்கள். என்னிடம் இல்லை. என் வாய்க்குப் பயந்து அப்பாவிடம் பேசினார்கள். அப்பாவுக்கோ சைக்கிள் விடவே தெரியாது. எங்கே போனாலும் நடை, இல்லாவிட்டால் ஒன்றாம் நம்பர் பஸ். நான் முதல் சம்பளத்தில் சைக்கிள் வாங்கி வந்தபோது அதைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு உள்ளே போனவர் அவர்.

பெண் பார்க்க வந்த அன்று எங்களை ஐந்து நிமிஷம் தனியாகப் பேச விட்டார்கள். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"சைக்கிள்ல எதுவரைக்கும் போயிருக்கேள்?"

"ஒரு தடவை தஞ்சாவூர். ஆடி மாசம். அது தப்புக் கணக்கு. மேலக்காத்து தள்ளிண்டு போய் விட்டுடுத்து, திரும்பறச்சே உயிர் போயிடுத்து."

"மேற்கே முக்கொம்புதான் சரி. போறச்சே எதிர்க்காத்து. திரும்பறச்சே மிதிக்கவே வேண்டாம்."

அவர் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணம் அந்த நிமிஷமே நிச்சயமாகிவிட்டது. பெரியவர்கள் கூடத்தில் தாம்பூலம் மாற்றிக்கொண்டது அவர்கள் திருப்திக்கு.

நிச்சயமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சைக்கிளில் முக்கொம்பு போனோம். ஜீயபுரம் தாண்டி வாழைத்தோப்பு நிழலில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு, எங்கள் கல்யாணத்துக்கு நாங்களே திட்டம் போட்டோம். சாஸ்திரத்தில் ஒன்றையும் விடுவதில்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் சைக்கிள் இருக்க வேண்டும் என்று தீர்மானம். பத்திரிகையில் மேலே பெருமாள், கீழே இரண்டு சக்கரம். அதை அவரே வரைந்தார். மணையைச் சுற்றி ஸ்போக்ஸோடு சக்கரக் கோலம். சீர் முறுக்கு சக்கரத்தின் அளவுக்கு இல்லாவிட்டாலும் பெடலோடு சுற்றும் பல் சக்கரத்தின் அளவுக்காவது இருக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் கிடையாது, சைக்கிள்தான். காசி யாத்திரையும் சைக்கிளில்தான்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பரதேசியா போறவருக்கு எதுக்குடி சைக்கிள்?"

"காசி தூரமாச்சேம்மா."

அவருடைய அம்மாவும் சுலபமாக ஒப்புக்கொண்டுவிட்டார். "என் பிள்ளை சைக்கிள்ல வராம இருந்தாத்தான் எனக்கு சந்தேகம் வரும்" என்றார். சமையல்காரரிடம் முறுக்கு அளவு காட்ட நான் என் வண்டியின் பல் சக்கரத்தைக் காகிதத்தில் வரைந்து கொண்டுபோனேன். அவர் அதை ஏதோ பூஜை யந்திரம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்பாதான் மடங்கவில்லை. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது கல்யாணமா, சர்க்கஸா?"

"எங்களுக்குப் பிடிச்சது இதுதான்பா. பிடிச்சதை வெச்சுப் பண்ணிக்கறதுல என்ன தப்பு?"

"நீ பாலத்துல போற ஒவ்வொரு நாளும் தெருவுல நான் பதில் சொல்லிண்டிருக்கேன். கல்யாணத்தன்னிக்காவது என் பொண்ணைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்காம இருக்கணும்னு நினைச்சேன்."

அதுவரை அப்பா தன் கௌரவத்துக்காகக் கத்துகிறார் என்று நினைத்திருந்தேன். எனக்காக இத்தனை வருஷம் தெருவில் நின்று பேச்சு வாங்கியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் திட்டத்தை விட எனக்கு மனசில்லை. மறைந்து மறைந்து ஓட்ட நான் என்ன திருட்டு சைக்கிளா வைத்திருக்கிறேன்? இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மாப்பிள்ளை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். பெண் மட்டும் கல்யாணம் முடியும்வரை சைக்கிளில் ஏறக் கூடாது. என் சைக்கிளைப் பூச்சுற்றி மண்டப வாசலில் நிறுத்தலாம், அவ்வளவுதான்.

கடைசியாக அப்பா சொன்னார். "பண்ண வேண்டியதை ஒரு குறையும் இல்லாம பண்றேன். மனசாரப் பண்றேன்னு மட்டும் நினைச்சுக்காதே."

அந்த வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. நகை, புடவை, பந்தி எதிலும் எனக்குப் பெரிய ஆசை இல்லை. அப்பா மனசாரத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. அதைத்தான் தர மாட்டேன் என்கிறார்.

மாப்பிள்ளை அழைப்பு வேறு எங்கள் மானத்தை வாங்கியது. அவருடைய சைக்கிள் நண்பர்கள் ஏழெட்டுப் பேர், விளக்கு வெளிச்சமே நம் டைனமோதான் என்று பெருமையாக வந்து சேர்ந்தார்கள். காஸ் லைட்காரரைக்கூட வேண்டாம் என்று திருப்பி அனுப்பியாயிற்று. வேகமாக மிதித்தே பழகிய கூட்டம். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்வலம் எறும்பு மாதிரி நகரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சக்கரம் சுற்றினால்தானே டைனமோ எரியும்? மண்டபம் இருந்த வடக்குச் சித்திரை வீதியில் மாப்பிள்ளை கும்மிருட்டில் வந்துகொண்டிருந்தார். மாலை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கடைசியில் நண்பர்கள் பத்தடிக்கு ஒரு தரம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, ஏறி உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே மிதித்து வெளிச்சம் காட்டினார்கள். தெருவே சிரித்தது. நானும் மண்டபத்து மாடியிலிருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்புறம் கீழே அப்பா முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலை காசி யாத்திரை. பிரம்மசாரி, எனக்குக் கல்யாணம் வேண்டாம், காசிக்குப் போய்ப் படிக்கிறேன் என்று குடையும் தடியுமாகக் கிளம்புவார். பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, தேங்காய் கொடுத்து, என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். மாப்பிள்ளை சைக்கிளில் போவதால் தெருவின் கிழக்கு முனைவரை போகட்டும், அங்கே அப்பா நின்று மறிப்பார் என்று ஏற்பாடு. அப்பா சொன்ன சொல் தவறாதவர். புது வேஷ்டியும் கையில் தேங்காயுமாக நேரத்துக்கு முன்னாலேயே கிழக்கு முனையில் போய் நின்றுவிட்டார். உறவுக்காரர்கள் பாதிப் பேர் அவரோடு நின்றார்கள்.

நான் ஒன்பது கஜ மடிசாரில் மண்டப வாசலில் நின்றேன். அவர் பஞ்சகச்சத்தோடு சைக்கிளில் ஏறினார். விரித்த குடை ஆனி மாதக் காற்றில் மடங்கிக்கொண்டது. அதைச் சுருட்டிக் காரியரில் செருகிக்கொண்டு, மேளம் கொட்ட, மேற்கே திரும்பிப் போய்விட்டார்.

கிளம்பும்போது எதிர்க்காற்றில் கிளம்பு என்று உடம்பில் ஊறிப்போன பழக்கம். காற்று மேற்கிலிருந்து அடித்தது, வண்டி மேற்கே திரும்பியது. துணைக்கு வந்த நண்பர்கள் அத்தனை பேரும் அதே பழக்கத்தில் பின்னாலேயே போனார்கள். ஒருத்தருக்காவது கிழக்கே திரும்பத் தோன்ற வேண்டுமே. நாங்கள் கத்தியது மேளச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை.

கிழக்கு முனையில் அப்பா தேங்காயோடு நின்றது எனக்குத் தெரிந்தது. மேளம் நின்றதும் அங்கே கூட்டத்தில் யாரோ உரக்க, "ஸ்வாமி, மாப்பிள்ளை நெஜமாவே காசிக்குப் போயிட்டார்" என்றார். சிரிப்பு எழுந்தது. அப்பா அந்த நீளத் தெருவை எல்லார் பார்வையிலும் நடந்து கடந்து வந்தார். தேங்காயை மணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார், சாயங்காலம்வரை பேச மாட்டார் என்று நினைத்தேன். என் பிடிவாதத்தால் அவரைத் தெருவில் நிறுத்திவிட்டேன்.

கல்யாணம் பண்ணிவைக்கும் வாத்தியார் அவசரப்படுத்தினார். "முகூர்த்தத்துக்கு நாழியாறது. யார் போய்க் கூப்பிட்டாலும் சரிப்படாது. தோப்பனார் போய்த்தான் மறிக்கணும்."

அப்பா வாசலைச் சுற்றிப் பார்த்தார். எல்லா சைக்கிளும் மாப்பிள்ளை பின்னால் போயாயிற்று. கனகாம்பரம் சுற்றிய என் சைக்கிள் ஒன்றுதான் நின்றது.

"எடு" என்றார்.

"அப்பா?"

"எடுங்கறேன். எனக்கு விடத் தெரியாது. நீதான் விடணும்."

மடிசார் என்பது சைக்கிள் விடுவதற்கென்றே கண்டுபிடித்த கட்டு. அதுவரை எனக்கே தெரியாது. நான் ஏறி மிதிக்க, அப்பா காரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, தேங்காயை ஒரு கையால் மடியில் அணைத்து, இன்னொரு கையால் சீட்டின் அடியைப் பிடித்துக்கொண்டார். முதல் மிதியிலேயே காற்று நெஞ்சில் முட்டியது. நெற்றிச் சுட்டி பின்னால் போய்த் தலையில் அடித்தது. பத்து வீடு தாண்டுவதற்குள் அந்தக் கை சீட்டை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்தது.

"கஷ்டமா இருக்கா?"

"எதிர்க்காத்துப்பா. அவ்வளவுதான்."

"தினம் இப்படித்தான் மிதிக்கறியா?"

"பாலத்துல இதைவிட ஜாஸ்தி. அங்கே பக்கவாட்டுல தள்ளும்."

மேற்கு முனையில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தவர், அப்பாவிடம் என்னைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிற ஆசாமிதான், எங்களைப் பார்த்து வாய் பிளந்தார்.

"என்ன ஓய்! கல்யாணப் பொண்ணா சைக்கிள் விடறா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதிலைத் தயார் பண்ணுவதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஆமாம் ஓய். என் பொண்ணுதான். மாப்பிள்ளையைப் பிடிக்கப் போயிண்டிருக்கோம்." குரல் தெரு முழுக்கக் கேட்டது. என் கண் நிறைந்து வழி தெரியாமல் போய், ஒரு மாட்டின் மேல் மோதப் பார்த்தேன்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர் போகும் சாலையில், வாழைத்தோப்பு ஓரமாக மாப்பிள்ளை ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். நண்பர்கள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள். தப்பான பக்கம் வந்தது அங்கே வந்ததும்தான் புரிந்ததாம்.

"அப்புறம் ஏன் திரும்பி வரலை?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சண்டைக்குப் போனேன்.

"மாமா வந்து கூப்பிடாம நானா எப்படித் திரும்பறது?" என்றார் அவர். "அவர் கூப்பிட்டாத்தான் வரணும்னு இருந்தேன்."

அப்பா இறங்கி வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார். புழுதி படிந்த முகத்தோடு, வாத்தியார் சொல்லிக்கொடுத்த வாசகத்தில் ஒரு சொல் குறையாமல், என் பெண்ணைத் தருகிறேன், காசிக்குப் போக வேண்டாம், திரும்பி வாருங்கள் என்று சொல்லித் தேங்காயைக் கொடுத்தார். குரல் பாதியில் உடைந்து, மறுபடி எழுந்தது. மனசாரச் சொல்கிறாரா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை தன் காரியரிலிருந்து குடையை எடுத்து இடம் பண்ணினார். "மாமா, என் வண்டியில ஏறிக்கோங்கோ. அவ களைச்சுப் போயிருப்பா."

அப்பா அதற்குள் என் சைக்கிள் பக்கம் வந்துவிட்டிருந்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. இன்னும் கொஞ்ச நாழியில அவ உங்காத்துப் பொண்ணு. அதுவரைக்கும் நான் என் பொண்ணோடயே வரேன்."

மண்டபம்வரை மெதுவாகத்தான் மிதித்தேன். வாத்தியார் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.